டர்பனுக்கு வெல்டிங் வேலைக்கு வருகிறீர்களா? நுரையீரலுக்கும் ஒரு ஃபைல் போடுங்கள்

திருச்சியில் பாய்லர் பட்டறைகளில் ஒன்பது வருடம் ராடு பிடித்துவிட்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன் நான். இங்கே ஜேக்கப்ஸ், மொபெனி, பேஹெட் என்று மூன்று இடங்களில் வேலை பார்த்தேன். பெரும்பாலும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப், டேங்க். மூன்றாவது வருடம் இருமல் வந்தது. அது வெல்டிங் புகையால் வந்த ஆஸ்துமா என்று தெரிய எட்டு மாதம் பிடித்தது. நஷ்டஈட்டு மனு முடிய அதற்கு மேல் பத்தொன்பது மாதம். அந்த அலைச்சலில் பாதிக்கு மேல், முதல் நாளே வாங்கி வைத்திருக்க வேண்டிய காகிதங்களைத் தேடியதில் போனது. புதிதாக வரும் தம்பிகளுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

1. விமானம் ஏறும் முன்: மார்பு எக்ஸ்ரேயைக் கையில் வாங்குங்கள்

நான் வந்த காலத்தில் தென்னாப்பிரிக்க வேலை விசாவுக்கு இரண்டு மருத்துவத் தாள்கள் கேட்டார்கள். ஒன்று பி.ஐ.811 என்ற பொது மருத்துவச் சான்று. இன்னொன்று பி.ஐ.806 என்ற மார்பு எக்ஸ்ரே அறிக்கை. இரண்டும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டியிருந்தது. எல்லோரும் அந்தத் தாளை விசா ஃபைலில் வைத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிட்டோம். இப்போது விசாவுக்கு எக்ஸ்ரே கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை மறக்காதீர்கள். தென்னாப்பிரிக்கப் புகையை ஒரு மூச்சுகூட இழுக்காத காலத்தில் உங்கள் நுரையீரல் எப்படி இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த எக்ஸ்ரேதான். படத்தை ஃபிலிமாகவோ சி.டி.யாகவோ கேட்டு வாங்குங்கள். அறிக்கையை நகல் எடுத்து, போனில் ஒரு படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால் ஊரிலேயே ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். என்னிடம் இரண்டும் இல்லை. பின்னால் ஒரு டாக்டர், "உங்களுக்கு இது இந்தியாவிலேயே இருந்திருக்கலாமே" என்று கேட்டபோது பதில் சொல்ல வாயிருந்தது, காட்டக் காகிதம் இல்லை.

2. முதல் இரண்டு வாரம்: கம்பெனி மருத்துவப் பரிசோதனை

உலோகப் புகை போன்ற ஆபத்தான ரசாயனங்களுக்கு நடுவே வேலை செய்பவருக்கு, வேலையில் சேரும் முன்போ சேர்ந்த 14 நாளுக்குள்ளோ மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இங்கே விதி. தொழில்சார் மருத்துவம் படித்த டாக்டரோ நர்ஸோ செய்வார்கள். கேள்வித்தாள், ஊதும் பரிசோதனை, காது, கண், தேவைப்பட்டால் எக்ஸ்ரே. செலவு கம்பெனியுடையது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்ய வேண்டிய எதற்கும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில் நேராகவே சொல்கிறது. பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவோம். பரிசோதனை முடிந்ததும் "தகுதியுள்ளவர்" என்று ஒரே வரி எழுதிய சான்றிதழ் தருவார்கள். கம்பெனிக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. ஊதியபோது மிஷின் போட்ட வரைபடமும் எண்களும் உள்ள தாளைக் கேளுங்கள். எஃப்.இ.வி.1 என்பது முதல் நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறீர்கள் என்ற கணக்கு. அந்த எண்ணை வருடா வருடம் உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'சராசரி மனிதனுக்கு இவ்வளவு' என்ற கணக்கில் மட்டும் பார்த்தால், நல்ல நுரையீரல் உள்ளவன் நிறைய இழந்த பிறகும் 'நார்மல்' என்றே வரும்.

இரண்டாவது, லேபர் ப்ரோக்கர் மூலம் வருபவர்கள். பட்டறைக்காரர் "ப்ரோக்கர் செய்வார்" என்பார். ப்ரோக்கர் "பட்டறையில் செய்வார்கள்" என்பார். எனக்கு முதல் வருடம் முழுக்க இப்படியே போனது. வாய்ப்பேச்சில் விடாமல் இரண்டு பேருக்கும் ஒரே வாட்ஸாப் செய்தி, ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்குத் தேதியோடு ஆதாரம் இருக்கும்.

3. எந்தப் புகை என்ன செய்யும்

வெல்டிங் புகை முழுவதையுமே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் சேர்த்தது. 'எஸ்.எஸ். தான் ஆபத்து, எம்.எஸ். (சாதாரண இரும்பு) பரவாயில்லை' என்று நம் ஊர்ப் பட்டறைகளில் சொல்வது இனி செல்லாது. ஆனாலும் எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

எஸ்.எஸ். அடிக்கும்போது குரோமியம் ஆறு என்ற நச்சு வகைக் குரோமியம், நிக்கல். இரண்டும் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் காரணம். ஆர்கான் வெல்டிங்கைவிட ராடு வெல்டிங்கில் இந்தக் குரோமியம் பல மடங்கு அதிகமாகக் கிளம்பும். ஆர்கானில் புகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓசோன் வாயு இருக்கிறது, அலுமினியத்தில் இன்னும் அதிகம்.

ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசியது. அடித்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், குளிர், காய்ச்சல், உடம்பு வலி, நாக்கில் இரும்பு ருசி. ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர் உண்டு. வாரம் முழுக்க உடம்பு பழகிக்கொள்ளும், சனி ஞாயிறு விட்டால் பழக்கம் போய், திங்களன்று மறுபடி அடிக்கும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு நாட்களைத் தள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

மாங்கனீஸ் எல்லா எஃகிலும் கொஞ்சம் உண்டு, தேய்மானத்துக்கு மேலே பூசும் கடின ராடுகளில் அதிகம். வருடக்கணக்கில் உள்ளே போனால் மூளையைத் தாக்கும். கை நடுக்கம், நடையில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல்.

இப்போது சொல்வதை இரண்டு முறை படியுங்கள். பழைய சில்வர் சால்டர் ராடுகளிலும், சில பூச்சுகளிலும் காட்மியம் இருக்கும். அந்தப் புகை அந்த நேரத்தில் பெரிதாக உறுத்தாது. இரவில் மூச்சுத் திணறும், உயிரே போகலாம். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கினால் காலை வரை காத்திருக்காதீர்கள். 10177-க்கு அழைத்தால் அரசு ஆம்புலன்ஸ், செல்போனிலிருந்து 112. "வெல்டிங் ஃபியூம்" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அதேபோல டேங்குக்குள் ஆர்கான் விட்டு வேலை செய்யும்போது, அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கிப் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். வாசனையே இருக்காது. காற்றை அளந்து பார்க்காமல், வெளியே ஆள் நிறுத்தாமல் உள்ளே இறங்க வேண்டாம். உள்ளே விழுந்தவரைத் தூக்க அவசரத்தில் இறங்கியவரும் சேர்ந்து விழுவதுதான் இத்தனை காலமும் நடக்கிறது.

டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம், போட்டுத் துடைத்த இரும்பை உடனே அடிக்கக் கூடாது. குளோரின் கலந்த டிகிரீசராக இருந்தால் ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். பெயிண்ட், துத்தநாகப் பூச்சு இருந்தால் இணைப்பின் இருபுறமும் 10 செ.மீ. சுரண்டிவிட்டு அடியுங்கள். சுரண்டும்போதும் முகமூடி வேண்டும்.

ராடு, வயர் எதுவானாலும் அதற்கான பாதுகாப்புத் தகவல் தாளை ஸ்டோரில் கேட்கலாம். பதினாறு பகுதி இருக்கும். 3-ஆவது பகுதியில் என்ன உலோகம் என்றும், 8-இல் என்ன பாதுகாப்பு என்றும் போட்டிருக்கும். படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஐந்தாவது படிக்குத் தேவைப்படும்.

4. முகமூடியும் உறிஞ்சு குழாயும்

பாலும் வெல்லமும் வாழைப்பழமும் புகையை முறிக்கும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அவை வயிற்றுக்குப் போகின்றன, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் புகைத் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை இறங்கும். கைக்குட்டையும் நீல நிற ஆஸ்பத்திரி முகமூடியும் அதைத் தடுக்காது.

முதலில் கேட்க வேண்டியது முகமூடியல்ல, உறிஞ்சு குழாய். குழாயின் வாய் ஆர்க்கிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் இருந்தால்தான் இழுக்கும். தள்ளி வைத்தால் சத்தம் மட்டும்தான் வரும். சுவரில் சுழலும் பெரிய ஃபேன் உங்கள் புகையைப் பக்கத்து ஆளுக்கு அனுப்பும், அவ்வளவுதான். அப்புறம், தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள். சற்றுப் பக்கவாட்டில் நின்று அடிக்கப் பழகினால் காசில்லாமலே பாதி குறையும்.

முகமூடியில், தூக்கியெறியும் வகையானால் எஃப்.எஃப்.பி.3 என்று போட்டிருக்க வேண்டும். நாள் முழுக்க எஸ்.எஸ். என்றால் பி3 ஃபில்டர் போட்ட ரப்பர் அரை முகமூடி. இதையும் விட நல்லது மோட்டார் வைத்துக் காற்றைத் தள்ளும் ஹெல்மெட். அதன் விலையைக் கேட்டால் எந்த ஃபோர்மேனும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இருந்தும் கேளுங்கள். வாங்கித் தரவேண்டியது முதலாளி. நான் அவசரத்துக்குச் சொந்தக் காசில் வாங்கியபோது அரை முகமூடி 700 ரேண்டை ஒட்டி ஆனது, ஃபில்டர் ஜோடி 250 ரேண்ட். ரசீதை வைத்திருந்தேன், பின்னால் அதுவே ஒரு சாட்சியானது.

தாடி இருந்தால் ரப்பர் முகமூடி முகத்தில் ஒட்டாது. இரண்டு நாள் தாடியே போதும், ஓரத்தில் புகை நுழைந்துவிடும். காவடிக்கு விரதம் இருந்து தாடி வளர்ப்பவர்கள் அந்த நாட்களில் மோட்டார் ஹெல்மெட் கேளுங்கள், அல்லது வெளி வேலை கேளுங்கள்.

5. நாற்பது பக்க நோட்டு ஒன்று

இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் தினம் இரண்டு நிமிடமும். தேதி, எந்த இடம், எந்த உலோகம், எந்த ராடு, எத்தனை மணி நேரம், டேங்குக்குள்ளா வெளியிலா, உறிஞ்சு குழாய் இருந்ததா. உடம்பில் ஏதாவது தெரிந்தால் அதுவும். ஞாயிற்றுக்கிழமையும் எழுதுங்கள், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

நஷ்டஈட்டு மனுவில் டபிள்யூ.சி.எல்.110 என்று ஒரு படிவம் வரும். எந்தக் கம்பெனியில் எத்தனை காலம் எந்தப் புகையில் வேலை செய்தீர்கள் என்பதைத்தான் அதில் கேட்பார்கள். மூன்று வருடத்தை ஞாபகத்திலிருந்து எழுதிப் பாருங்கள், தெரியும். நான் பழைய சம்பளச் சீட்டையும், போனில் கிடந்த படங்களின் தேதியையும் வைத்து நிரப்பினேன். இரண்டு முறை திரும்பி வந்தது.

6. இருமல் வந்தால்

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மா நான்காம் தலைமுறைத் தமிழர், தமிழில் பத்து வார்த்தைதான் வரும். என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். "ஞாயிற்றுக்கிழமை நீ இருமுவதே இல்லை தம்பி, திங்கள் ராத்திரி ஆரம்பிக்கிறது" என்றார். அதுவரை மூன்று டாக்டர்கள் மூன்று இருமல் மருந்து எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட என்ன வேலை என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

லீவு நாளில் குறைந்து, வேலை நாளில் கூடும் இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம்: இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய் மருந்துக் கடையில் கிடைக்கும். எனக்கு 280 ரேண்ட் ஆனது. தினம் நான்கு தடவை ஊதி எண்ணை எழுத வேண்டும், வேலை நாளும் லீவு நாளும் சேர்ந்து வரும்படி மூன்று நான்கு வாரத்துக்கு. அந்த அட்டவணைதான் என் வழக்கைத் திருப்பியது. வேலையைவிட்டு நின்ற பிறகு இதைச் செய்ய முடியாது. ஆகையால் சந்தேகம் வந்த உடனே தொடங்குங்கள்.

இன்னொரு பக்கம், இந்த நாட்டில் காசநோய் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு கிளினிக்கில் சளிப் பரிசோதனை இலவசம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பல வருடம் வெல்டிங் செய்தவர் நுரையீரலில் இரும்புத் தூள் படிந்து எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைக் காசநோய் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. சளியில் கிருமி இல்லாமல், வெறும் படத்தை வைத்து ஆறு மாத மருந்து எழுதினால், "நான் வெல்டர்" என்று சொல்லி, தொழில்சார் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

7. நஷ்டஈட்டு மனு

வேலையால் வரும் காயம், நோய்க்கு நஷ்டஈடு தரும் சட்டத்தின் பெயர் கோய்டா, 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும். ப்ரோக்கர் மூலம் வந்தவருக்கு ப்ரோக்கர்தான் முதலாளி. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. "எடுத்துத் தருகிறேன், பங்கு கொடு" என்று வருபவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில், பணம் எங்கிருந்து வரும் என்று கண்டுபிடியுங்கள். எல்லாம் அரசின் காம்பன்சேஷன் ஃபண்டுக்குத்தான் போகும் என்று நினைத்து நான் நான்கு மாதம் இழந்தேன். இரும்பு, எஃகு, உலோகத் தொழில்களுக்கு 2015 முதல் ராண்ட் மியூச்சுவல் அஷூரன்ஸ் என்ற நிறுவனம் பொறுப்பு. கட்டுமானக் கம்பெனி என்றால் ஃபெடரேட்டட் எம்ப்ளாயர்ஸ் மியூச்சுவலாக இருக்கலாம். மற்றவர்களுக்குத்தான் அரசு ஃபண்ட். கம்பெனியிடம் 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்' என்று ஒரு கடிதம் இருக்கும், அதன் தலைப்பில் யார் பெயர் என்று பாருங்கள்.

காகிதங்கள் இவை. டபிள்யூ.சி.எல்.1, முதலாளி நிரப்புவது. நோய் தெரிந்த 14 நாளுக்குள் அவர் அனுப்ப வேண்டும். டபிள்யூ.சி.எல்.14, நீங்கள் நிரப்புவது. 110 முன்பே சொன்னது. டபிள்யூ.சி.எல்.22 டாக்டரின் முதல் அறிக்கை, 26 அதற்குப் பிந்திய அறிக்கைகள். இவற்றோடு பாஸ்போர்ட் நகல், பழைய எக்ஸ்ரே, ஊதிய வரைபடங்கள், பீக் ஃப்ளோ அட்டவணை. நகல்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகச் சான்று முத்திரை போடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அனுப்பும் வாரத்தில் போடுங்கள்.

முதலாளி நிரப்ப மறுத்தாலோ, கம்பெனியே மூடிப்போனாலோ மனு நிற்காது. டபிள்யூ.சி.எல்.305 என்ற சத்தியப் பிரமாணப் படிவத்தை நீங்களே நிரப்பி, சம்பளச் சீட்டைச் சேர்த்து அனுப்பலாம். இது தெரியாமல் பலர் அங்கேயே கைவிடுகிறார்கள்.

நோய் கண்டறிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டே ஓடுங்கள். ஏற்றுக்கொண்டால் மருத்துவச் செலவு இரண்டு வருடம் வரை. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், சட்டம் வைத்த உச்சவரம்புக்குள். நிராகரித்தால் 180 நாளுக்குள் எதிர்த்து எழுதலாம். மனு கொடுத்ததற்காகவோ, தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரிடம் பேசியதற்காகவோ வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றும் சட்டம் உண்டு. நடைமுறையில் முகம் சுளிப்பார்கள், விசா அவர்கள் கையில் என்று மிரட்டவும் செய்வார்கள். யூனியனில் சேர்ந்திருந்தால் அந்த நேரத்தில் தனியாக நிற்க வேண்டியதில்லை. உலோகத் தொழிலில் நும்சா பெரிய சங்கம்.

8. நம் பெயரே ஒரு சிக்கல்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், நம் பெயர் ஓரிடத்தில். சம்பளச் சீட்டில் இனிஷியலோடு, கிளினிக்கில் அப்பா பெயரே நம் பெயராக. என் ஊதும் பரிசோதனை ஒன்று என் அப்பா பெயரில் கிடந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணும் மாறிவிடும். பழைய எண்ணில் மருத்துவ ரிப்போர்ட், புது எண்ணில் மனு. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள்.

முதல் நாளே எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதச் சொல்லுங்கள். கேன்சல் செய்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே குழம்பியிருந்தால், "இந்தப் பெயர்கள், இந்த இரண்டு எண்கள் எல்லாம் ஒரே ஆள், நான்தான்" என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை வாங்கி, ஒவ்வொரு மனுவோடும் ஒரு நகல் சேருங்கள். அரை மணி நேர வேலை. எனக்கு அது தெரிய ஆறு மாதம் ஆனது.

9. கம்பெனி மாறும்போது, ஊர் திரும்பும்போது

கடைசி நாளுக்கு முன் மூன்றைக் கேளுங்கள். வேலையைவிட்டு விலகும்போது செய்யும் ஊதும் பரிசோதனையும் அதன் வரைபடமும். சேவைச் சான்றிதழ், அதில் உங்கள் வேலை, தேதிகள் எல்லாம் இருக்கும், கேட்டால் தரவேண்டியது சட்டம். வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்கான யு.ஐ.19 படிவம். சேவைச் சான்றில் 'ஜெனரல் வொர்க்கர்' என்று போட்டுக் கொடுப்பார்கள். அப்படியே வாங்காதீர்கள், 'வெல்டர்' என்று திருத்தச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் புகையோடு உங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

பழைய கம்பெனி மருத்துவ ஃபைலைத் தரமாட்டேன் என்றால், தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு நடந்துகொண்டிருக்கும்போது ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். மனு எண், டாக்டர் அறிக்கைகள், எக்ஸ்ரே சி.டி. எல்லாவற்றையும் கைப்பெட்டியில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொரு நகல் இருக்கட்டும், என்ன ஃபைல் அது, எதற்கு என்று வீட்டில் இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.